மழைக்கு முன் டயரைத் திறந்து பாருங்கள்: செஞ்சி வட்டாரச் சைக்கிள்காரர்களுக்கு

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் பிடிக்கும். அதற்குள் சைக்கிள் டயரை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. நனைந்த ரப்பரை முள்ளும் கண்ணாடிச் சில்லும் சுலபமாக அறுத்துவிடும். சாலையோரக் குப்பையை மழைநீர் அடித்துவந்து நாம் ஓட்டும் தடத்திலேயே சேர்ப்பதும் இந்த மாதங்களில்தான்.

நம் பக்கத்துச் சங்கதி வேறு இருக்கிறது. ஏரிக்கரை, ஓடை, வயல் வேலி என்று எங்கும் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகிறார்கள். வழியெல்லாம் முள் உதிர்கிறது. திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் வேறொரு தொல்லை. லாரி டயர் வெடித்தால் அதற்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி சாலையோரம் சிதறும். தலைமுடி கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. சிங்கவரம், மேல்மலையனூர் பக்கம் போகிறவர்களுக்கு முள். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கம்பி.

ஒரே சக்கரம் திரும்பத் திரும்பப் பஞ்சராகிறது என்றால் ஒட்டு சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் வழக்கம். பெரும்பாலும் குற்றம் ஒட்டில் இல்லை. டியூபை ஒட்டினோம், டயருக்குள் முறிந்து நிற்கும் முள் நுனியை எடுக்கவில்லை. அது அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போடும். ஆகவே ஓட்டையை ஒட்டுமுன் அது எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். டியூபை உருவுவதற்கு முன், வால்வுக்கு நேராக டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உருவிய டியூபில் காற்றடித்து, தண்ணீர் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக் குமிழியைத் தேடுங்கள். ஓட்டை தெரிந்ததும் அதே திசையில் டியூபை டயர் மேல் வைத்து, வால்வைக் கோட்டுக்கு நேராக்கினால், முள் டயரில் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரிந்துவிடும். வெறும் விரலை உள்ளே விட்டுத் தேடாதீர்கள். கம்பி விரலைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சையோ பழைய பனியன் துணியையோ உள்பக்கம் முழுக்க ஒரு சுற்று தேய்த்தால், நுனி இருக்கும் இடத்தில் இழை மாட்டி நிற்கும். வெளிப்பக்கத்திலிருந்து ஊசியால் நெம்பி எடுங்கள்.

ஓட்டை டியூபின் வெளிச்சுற்றில் இருந்தால் முள் அல்லது கம்பி. உள்சுற்றில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் சாலை மேல் பழி போட வேண்டாம்: ரிம் டேப் நகர்ந்திருக்கும், அல்லது போக்ஸ் கம்பியின் நுனி ரிம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டியதை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது ரிம் டேப் போடுங்கள். பாம்பு கடித்த மாதிரி பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மும் கல்லும் சேர்ந்து டியூபைக் கடித்திருக்கின்றன. மழையில் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடுவதால் இது இனிமேல் கூடும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் அந்த டியூபுக்கு ஒட்டு நிற்காது, மாற்றிவிடுங்கள். காற்றில்லாத சக்கரத்தை ஓட்டிக்கொண்டே கடைக்குப் போனதால் வந்த வினையாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

பள்ளியில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளை வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர், வண்டி வீட்டுக்கு வந்ததும் இந்த ரிம் டேப்பையும் போக்ஸ் கம்பியையும் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் முதல் சில வாரங்களில் இடம் பிடித்து உட்காரும். சில இளகும், அப்போது நுனியும் நகரும்.

குமிழியே வராமல் காற்று மட்டும் இறங்குகிறதா? முதலில் வால்டியூப்பைப் பாருங்கள். நட்டைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தால், மெல்லிய குழாயின் மேல் ஒரு ரப்பர் உறை தெரியும். சின்ன வயதில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி விளையாடினோமே, அதேதான். அது வெடித்தோ, பிசுபிசுத்தோ, மணல் ஒட்டியோ இருந்தால் புதிதாக ஒரு துண்டை எச்சில் தொட்டு ஏற்றுங்கள். வண்டியிலேயே சோதிக்க வேண்டுமானால் வால்வு மூக்கில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் குற்றவாளி அங்கே. அதுவும் சரியாக இருந்து, சில நாளுக்கு ஒருமுறை லேசாகக் காற்று குறைந்தால் கவலை வேண்டாம். இயற்கை ரப்பர் டியூபின் குணமே அது. பியூட்டைல் டியூப் காற்றை அதிக நாள் பிடித்து வைக்கும், அடுத்த முறை அதைக் கேட்டு வாங்கலாம்.

வாங்கும்போது அளவில் ஏமாறக் கூடாது. '26' என்று மட்டும் கேட்டால் போதாது. 26 x 1⅜ டயரும் 26 x 1.95 டயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரிம்மின் விட்டம் முன்னதற்கு 590 மில்லிமீட்டர், பின்னதற்கு 559. பழைய டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். எவ்வளவு காற்று என்பதும் அங்கேதான் இருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'போதும்' என்பவர்கள் பெரும்பாலும் குறைவாகவே அடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். மூட்டையோ பிள்ளையோ பின்னால் ஏறினால் பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும்.

வீட்டில் நீங்களே ஒட்டினால், மழைக்காலத்தில் பொறுமை வேண்டும். ஈர டியூபில் ஒட்டு பிடிக்காது. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஈரம் போய்த் தொட்டால் கையில் ஒட்டாத நிலைக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். வெயில் நாளில் ஐந்து நிமிடம் போதுமானால் அடைமழையில் இரட்டிப்பு ஆகும். பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அமுக்கி வைத்த ஒட்டு அடுத்த குலுக்கலில் எழும்பும்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபைக் கீறிப் பட்டையாக வைப்பது கடைகளில் பழக்கம். முள்ளுக்கு நல்ல தடுப்புதான், ஆனால் பட்டையின் விளிம்பு தடித்திருந்தால் அதுவே டியூபை அரித்துவிடும். விளிம்பைச் சீவி மெலிதாக்கி வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நூல் தெரியும் டயருக்கு இந்தச் செலவும் வீண், மாற்றிவிடுங்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டையைச் சைக்கிளில் வந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ராஜகிரி மலைக்குப் போனாலும் கிருஷ்ணகிரி மலைக்குப் போனாலும் வண்டியைப் புதர் ஓரம் சாய்க்காதீர்கள், முள் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். வழியில் டயரில் முள் குத்தி நிற்பதைக் கண்டால், காற்று நிற்கும்வரை பிடுங்க வேண்டாம், முள்ளே அடைப்பு. கடை வாசலில் போய் எடுத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்து தை, மாசியில் நெருஞ்சி காய ஆரம்பித்ததும் களத்துமேட்டிலும் வரப்பிலும் ஓட்டாமல் உருட்டியும் போகாமல் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.