துவக்குப் பழுதுற்றால் கமக்காரர் செய்ய வேண்டியவை

நெல் பால்பிடிக்கும் காலத்திலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஒரு போகத்து உழைப்பை அழித்துவிடும். ஆதலாற் கமக்காரர் சிலர் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பயிர்க் காவலுக்குத் துவக்கு வைத்திருக்கின்றனர். அது பழுதுறும்போது பயிரைவிடக் கமக்காரரின் கண்ணும் கையுமே பெரும் ஆபத்துக்கு உள்ளாகின்றன.

1. விசையை இழுத்தும் வெடிக்காவிடின்

உடனே திறத்தலாகாது. மருந்து சிறிது தாமதித்துப் பற்றுவதும் உண்டு. குழலை ஆளற்ற திசைக்கு நீட்டியபடியே ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் முகத்தை விலக்கித் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, அதன் அடியிலுள்ள கேப்பைப் பார்க்க வேண்டும். ஊசி பட்ட குழி ஆழமாயிருப்பின் பெரும்பாலும் குற்றம் தோட்டாவினதே. குழி மெலிதாயிருப்பினும், குழியே இல்லாவிடினும், ஊசியிலோ வில்லிலோ பழுது இருக்கலாம். வெடியாத தோட்டாவை மீண்டும் பயன்படுத்தாமலும் நெருப்பில் இடாமலும் வேறாக வைத்து, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

2. வெடியோசை குன்றியிருப்பின்

மறு தோட்டா இடலாகாது. முந்திய தோட்டாவின் அடைப்பு குழலினுள் நின்றிருக்கக்கூடும். அதன்மேல் மறுபடி சுட்டாற் குழல் பிளக்கும். தோட்டா எதுவும் இல்லையென உறுதிசெய்தபின், பின்புறமாகக் குழலினூடே ஒளியைப் பார்க்க வேண்டும். வரப்பிற் குழல்முனை ஊன்றிச் சேறு புகுந்தாலும் இதுவே செய்யத்தக்கது. 12 ஆம் இலக்கத் துவக்கில் 20 ஆம் இலக்கத் தோட்டாவை ஒருபோதும் இடலாகாது. அது வழுக்கி முன்னே சென்று குழலை அடைத்துக்கொள்ளும்.

3. உத்தரவாதத்தின்படி திருத்துதல்

புதிய துவக்குக்கு உற்பத்தியாளர் அளிக்கும் உத்தரவாதம் பொதுவாக ஆக்கக் குறைகளுக்கே உரியது. துரு, தேய்வு, அடைபட்ட குழலிற் சுட்டதால் நேர்ந்த சேதம், வீட்டிலோ கொல்லன் பட்டறையிலோ செய்த மாற்றம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே துவக்கைத் தாமே கழற்றாமல், தோட்டா அகற்றி, உத்தரவாதப் பத்திரம், பற்றுச்சீட்டு, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுடன் விற்பனையாளரிடம் அனுமதிப்பத்திரக்காரர் தாமே கொண்டுசெல்லுதல் வேண்டும். எத்தோட்டா இட்டபோது, எத்தனை முறை பழுது நேர்ந்தது என எழுதிக் கொடுத்தல் நன்று. துவக்கின் இலக்கம் குறித்த பற்றுச்சீட்டைப் பெறாமற் திரும்பலாகாது.

4. காப்பு

தோட்டாக்களைப் பனிபடும் காவற்பரணில் விடாது, ஈரமற்ற பெட்டியிற் பூட்டி வைக்க வேண்டும். அவற்றில் எண்ணெய் படலாகாது. குழலைச் சுட்ட அன்றே துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசுக.

பழுதுற்ற துவக்கோடு ஓர் இரவு காவல் இருப்பதிலும், தீவெட்டியும் தகரமும் கொண்டு அயலவருடன் காவல் இருப்பதே மேலானது.