எல்லை காத்த மலைக்கோட்டை

இடிந்த கோட்டை ஒன்றைக் கண்டதும், "இதைக் கட்டியவர் யார்? எந்தப் போரில் வீழ்ந்தது?" என்று கேட்கிறோம். பகைவரின் பீரங்கி தகர்க்காமலேயே பாழடைந்த கோட்டைகளும் உண்டு. பிரான்சு நாட்டின் தெற்கே, கோர்பியேர் மலைப்பகுதியிலுள்ள பெய்ர்பெர்த்தூஸ் அவற்றுள் ஒன்று. அதன் வரலாற்றைச் சற்றே காண்போம்.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் முகட்டில் இக்கோட்டை நிற்கிறது. தொலைவிலிருந்து நோக்கினால் பாறை எது, மதில் எது என்று பிரித்தறிவது அரிது. கீழ்க்கோட்டையில் தேவமாதாவின் பெயரால் அமைந்த சிற்றாலயம் ஒன்றும் உண்டு. மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துக் காவல் வீரர் பயன்படுத்தினர்.

1240-ஆம் ஆண்டில் இக்கோட்டை பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்குப் பணிந்தது. 1297-இல் திருச்சபை புனிதராக உயர்த்திய மன்னர் இவரே. 1242-இல் இவரது ஆணைப்படி பாறையில் படிகள் வெட்டப்பட்டன. உச்சியில் சான் ஜோர்டி என்னும் மேல்கோட்டையும் எழுந்தது.

1258-இல் லூயிக்கும் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கும் இடையே கோர்பேய் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருவர் நிலத்தின்மீது மற்றவர் கொண்டாடிய உரிமைகளை இருவரும் விட்டுக்கொடுத்தனர். எல்லை இக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே அமைந்தது. பெய்ர்பெர்த்தூஸ், கேரிபூஸ், புய்லோரான், அகிலார், தெர்ம் ஆகிய ஐந்தும் 'கர்க்கசோனின் ஐந்து மைந்தர்' எனப் பெயர் பெற்று, அவ்வெல்லையைக் காத்தன.

ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழிந்தன. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ருசியோன் பகுதி பிரான்சுக்கு உரியதாயிற்று. எல்லையோ பிரனீஸ் மலைத்தொடருக்கு நகர்ந்தது. மதில் அப்படியே இருந்தது. காக்க வேண்டிய எல்லைதான் அங்கில்லை! சிறு காவற்படை மட்டும் பிரெஞ்சுப் புரட்சிக் காலம்வரை தங்கியிருந்தது. பின்னர் கோட்டை கைவிடப்பட்டது. வெயிலும் மழையும் காற்றும் அதைச் சிதைத்தன.

ஆயினும் அச்சம் ஒழிந்துவிடவில்லை. புதிய எல்லையருகே 1679-இல் வோபான் என்னும் பொறியாளர் மோன்லூயி கோட்டையை எழுப்பலானார். எல்லை நகர்ந்தபோது அச்சமும் உடன் நகர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, தோழியரே, இடிபாடுகளைக் காணும்போது, "இது யாருக்கு அஞ்சிக் கட்டப்பட்டது? அந்த அச்சம் எப்போது நீங்கியது?" என்றும் கேட்டுப் பழகுவோம். நாம் நம்மைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் மதில்களைக் குறித்தும் இவ்வாறே கேட்பது நலம். படைவீரருக்காகப் பாறையில் வெட்டிய அப்படிகளில் இன்று பல நாட்டுப் பயணிகள் ஏறுகின்றனர், அவர்களை, "நீ எந்நாட்டவன்?" என்று மறிக்கும் காவலர் அங்கு ஒருவரும் இல்லை.