வேலிக்குள் முளைத்த வாக்குரிமை

ஜனநாயகம் என்றவுடன் ஏதென்சையும் ஆபிரகாம் லிங்கனையும் தொட்டுவிட்டு வருவது நம் கட்டுரைகளின் வழக்கம். நான் தெமியாங்கிலிருந்து தொடங்குகிறேன். சிரம்பானை ஒட்டிய இவ்வூரில்தான் தொண்ணூறை நெருங்கும் என் பாட்டி வசிக்கிறார். பால்மரம் வெட்டிய குடும்பம். அவருடைய தகரப் பெட்டியில் பழைய அடையாளக் கார்டு ஒன்று இருக்கிறது.

அந்தக் கார்டு குடியுரிமையின் அடையாளமாகப் பிறந்ததன்று. 1948 ஜூன் மாதம் ஆங்கிலேயர் அவசரகாலத்தை அறிவித்தபோது, காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளையும் மக்களையும் பிரித்தறியக் கொண்டுவந்த பாதுகாப்புக் கருவி அது. பன்னிரண்டு வயதைக் கடந்தவரெல்லாம் படமும் கட்டைவிரல் ரேகையும் பதித்த கார்டு வைத்திருக்க வேண்டும். சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்கம்பி வேலி போடப்பட்டது. வெட்டுக்குப் போகும்போது வாசலில் சோதனை. சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் கொண்டுபோக முடியாத நாள்கள் உண்டு என்பார் பாட்டி. பசியோடு வெட்டிய காலையைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் மாறும்.

தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் தோட்ட மக்களுக்குத் தொழிற்சங்கத்தின் வழியே வந்து கொண்டிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு அதே 1948இல் பறிபோயிற்று. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் வியப்பு என்னவென்றால், ஒரு ஜனநாயகத்தை முடக்கிய அதே அவசரகாலந்தான் இன்னொன்றைக் கொண்டும் வந்தது. துப்பாக்கியால் மட்டும் வெல்ல முடியாது என்று ஆட்சியாளர் உணர்ந்தனர். 1951இல் ஜார்ஜ்டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன. புதுக்கிராமங்களுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. 1955 ஜூலை 27ஆம் நாள் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. வாக்காளரில் இந்தியர் ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கேது? வேலிக்குள் அடைக்க மட்டும் அது தேவைப்படவில்லை!

பாதுகாப்பு கொடுத்ததைப் பாதுகாப்பே திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தோனேசியாவுடனான பகைமையைக் காரணங்காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே நீக்கியது. அதனால்தான் சிரம்பான் மாநகராட்சி மன்றத்தின் உறுப்பினர்கள் இன்றும் நியமனம் பெற்றவர்கள். தெமியாங் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. அதற்கு வாக்களிக்கிறோம். வாய்க்காலையும் குப்பையையும் கவனிக்கும் மன்றத்திற்கு மட்டும் வாக்கில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடைவெளி ஒரு நாள்கூட இல்லை! விசாரணையின்றி ஈராண்டு, பிறகு மீண்டும் ஈராண்டு என்று காவலை நீட்டிக்க இடந்தந்த அச்சட்டம் 2012இல் அகற்றப்பட்டு, 28 நாள் காவலை அனுமதிக்கும் சொஸ்மா வந்தது. 2019இல் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில் 12 பேர் இச்சட்டத்தின்கீழ் கைதாயினர். அவர்களுள் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நம் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினரும் ஒருவர். 2020 பிப்ரவரியில் வழக்குகள் கைவிடப்பட்டன. காவலில் கழிந்த மாதங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு வேண்டாம் என்பது என் வாதமன்று. காட்டுக்காரரிடமும் பயந்தோம், பட்டாளத்திடமும் பயந்தோம் என்கிறார் பாட்டி. கைது செய்தவரை எத்தனை நாளில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதே என் கேள்வி.

வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைந்த பிறகு என் தம்பி முதன்முறையாக வாக்களிக்கக் கிளம்பினான். பாட்டி வாசல்வரை வந்து, அன்று வேலி வாசலில் தம் தாயார் தினமும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "கார்டு எடுத்துக்கிட்டியா?"