மண் அரிப்பைத் தடுக்கும் உதிரிக் கற்கள்

மானாவாரி நிலங்களில் உழவின்போது பொறுக்கும் கற்களை வரப்போரம் குவித்து வைப்பது வழக்கம். அதே நிலத்தின் ஓரத்தில் மழைநீர் அரித்த பள்ளம் ஆண்டுதோறும் மேட்டை நோக்கி வளர்ந்து, நல்ல மேல்மண்ணைக் கொண்டு போகும். வீணே கிடக்கும் அந்தக் கற்களே இதற்கு நல்ல தடுப்பு. சிமெண்டு, மணல் எதுவும் தேவையில்லை.

சிறு பள்ளங்களுக்கே இம்முறை ஏற்றது. வெள்ளம் புரளும் பெரிய ஓடைகளில் உதிரிக் கல் நிற்காது.

கல் தேர்வு: கெட்டியான, கோண வடிவக் கற்கள் ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும். உருண்டைக் கற்கள் நீரில் உருளும். கையால் உதிரும் கற்களைத் தவிர்க்க வேண்டும்.

அமைக்கும் முறை: பள்ளத்தின் குறுக்கே 30 செ.மீ. ஆழம் அடித்தளம் தோண்ட வேண்டும். இரு கரைகளிலும் அரை மீட்டர் வரை குடைந்து கற்களைச் செருக வேண்டும். சிறு கற்களை உள்ளேயும் பெரிய கற்களை வெளிப்புறத்திலும் அடுக்கலாம். நடுவில் உயரம் 60 செ.மீ., உச்சி அகலம் 40 செ.மீ. போதும். நீர் வரும் பக்கம் 1 பங்கு உயரத்திற்கு 1 பங்கும், நீர் இறங்கும் பக்கம் 3 பங்கும் சரிவு விட்டால் அடி அகலம் 2.8 மீட்டர் ஆகும். நீர் விழும் இடத்தில் மேலும் ஒரு மீட்டர் தூரம் கல் பரப்புவது நல்லது.

முக்கிய கவனம்: தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட 20 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். நடு உயர்ந்தால் நீர் ஓரமாகப் பாய்ந்து கரையை அறுத்து வயலுக்குள் புகும். தடுப்பு இல்லாததைவிட இது கேடு.

இடைவெளி: கீழ்த் தடுப்பின் நடு உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் பள்ளத்தில், 60 செ.மீ. உயரத் தடுப்புகளை 20 மீட்டருக்கு ஒன்றாக அமைக்கலாம். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் போதும். மேட்டிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும்.

முதல் பெருமழைக்குப் பின் பார்வையிட்டு, பெயர்ந்த கற்களை மீண்டும் அடுக்க வேண்டும். கல் இடுக்கு வழியே நீர் மெல்லக் கசிந்து போகும். மண் பின்னால் தங்கும். தங்கிய வண்டலில் வெட்டிவேர் அல்லது நொச்சி நட்டால் வேர்கள் மண்ணைப் பிடித்துக் கொள்ளும்.

பள்ளம் புறம்போக்கில் இருந்தால், வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் கொள்வது நல்லது. கோடை உழவில் பொறுக்கும் கற்களை இப்போதே பள்ளத்தருகே சேர்த்து வைத்தால், மழைக்கு முன் வேலையை முடித்து விடலாம்.