எல்லையை இழந்த காவல் தெய்வம்

சிங்கப்பூர்க் கோயில்களைப் பற்றிப் பேசும்போது கோபுரத்தையும் குடமுழுக்கையும் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். கோயிலைச் சூழ்ந்திருந்த மக்கள் கலைந்துபோன பின் அக்கோயில் என்ன செய்கிறது என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. என்னை அக்கேள்வி கேட்க வைத்தவர் என் பாட்டி.

பாட்டி திருமணமாகி வந்து குடியேறியது தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில். தாத்தா தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை செய்தார். வரிசை வீடுகள் முடியும் இடத்தில் ஒரு மரம். மரத்தடியில் ஒரு சூலமும் கல்லும். அவர்தான் முனீஸ்வரர். தனியாகப் பூசாரி கிடையாது. தாத்தாவோடு வேலை பார்த்த ஒருவரே பூசையும் செய்வார். இரவு வேலைக்குப் போகிறவர்கள் சூடம் கொளுத்திவிட்டுப் போவார்கள். படையலில் சுருட்டும் கோழியும் இருக்கும். இந்த வாரம் எந்த வீட்டு முறை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதி வைத்ததில்லை.

காவல் தெய்வம் என்றால் காப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்த பின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பாட்டியின் வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் குவீன்ஸ்டவுனுக்கும், ஒருவர் ஜூரோங்குக்கும், ஒருவர் உட்லண்ட்ஸுக்குமாகப் பிரிந்தனர். தெய்வம் இடம்பெயரும் முன்பே அதன் மக்கள் இடம்பெயர்ந்துவிட்டார்கள்.

எல்லாக் கோயில்களுக்கும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் வரவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் இடம் விட்டு, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் நிலைகொண்டது. சிவன் எங்கிருந்தாலும் சிவன்தான். ஆனால் முனி?

காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் ரயில்வே ஊழியர்கள் குவீன்ஸ்வே அருகே தொடங்கிய சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. புதிய கோயிலுக்கு 1998இல் குடமுழுக்கு நடந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து ரயில் புறப்படுவதும் நின்றுபோனது. ரயில் போய்விட்டது, ரயில்காரர்களின் தெய்வம் இருக்கிறது. சமூகவியலாளர் வினீதா சின்ஹா சிங்கப்பூரின் முனீஸ்வரர் வழிபாட்டை மட்டுமே ஆராய்ந்து 2005இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார் என்றால் இவ்வழிபாட்டின் உயிர்ப்பை உணரலாம்.

எல்லைத் தெய்வங்கள் ஆகமக் கோயில்களாக மாறுவதை முதலில் 'மேல்நிலையாக்கம்' என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். பாட்டியிடம் பேசிய பின் அதை அடித்துவிட்டேன். மதிப்புத் தேடுவதும் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. அண்டை வீட்டார் கூடிச் செய்த பூசைக்கு நேர அட்டவணை தேவைப்படவில்லை. தீவின் பல மூலைகளிலிருந்து வரும், ஒருவரையொருவர் அறியாத மக்களுக்கு அது வேண்டும். சம்பளம் பெறும் அர்ச்சகர், சீட்டு, சைவப் படையல் எல்லாம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. அறிமுகம் இருந்த இடத்தில் விதிமுறை வந்து அமர்கிறது. இதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றானது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நான் பார்ப்பவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள். அவர்களுடைய ஊர் எல்லையிலும் முனி நிற்கிறார். அர்ச்சனைச் சீட்டோடு வரிசையில் நிற்கும் சீனப் பெண்மணிகளையும் கண்டிருக்கிறேன்.

இழப்பையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டியின் பழைய மரத்தடி எந்தக் கோயிலோடும் சேரவில்லை. சூலம் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி கோயிலுக்குப் போகிறார், சர்க்கரைப் பொங்கலும் வாங்கி வருகிறார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் சமையலறை அலமாரியில் உள்ள முனீஸ்வரர் படத்தின்முன் ஒரு சுருட்டை வைக்கிறார்.

"பாட்டி, இப்ப அவருக்கு எல்லை எது?" என்று கேட்டேன்.

"இந்த வாசப்படி வரைக்கும்தாம்மா," என்றார். பிறகு, "எனக்கப்புறம் யாரு சுருட்டு வைப்பா?" என்று கேட்டார்.

அம்மா தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டினார். நானும் எதுவும் சொல்லவில்லை.