உள்ளத்தின் வளர்ச்சி

உடல் வளர்வதற்கு உணவும் காலமும் போதும். உள்ளம் அவ்வாறு தானே வளர்வதில்லை. பிறரைப் பிறப்பால் இழிந்தவர் என்று எண்ணும் பழக்கம் உள்ளவரை, நரைத்த தலையினனும் சிறுவனே. அப்பழக்கத்தைப் பிழையென உணர்ந்து விடுபவன், பாலனே ஆயினும் பெரியோன். காவிரிக் கரையில் வழங்கும் வரலாறு ஒன்றும், அமெரிக்க நாட்டுப் புதினங்கள் இரண்டும் இவ்வுண்மையை விளக்குகின்றன.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள தீவு திருவரங்கம். அதற்குத் தெற்கே, ஆற்றின் மறுகரையில் உள்ளது பழைய சோழர் தலைநகராகிய உறையூர். அவ்வூரில் பாணர் குடியில் வளர்ந்தவர் திருப்பாணர். உலகம் தம் குலத்தைத் தாழ்ந்ததென ஒதுக்கியமையால், அவர் அரங்கத்தில் அடிவைக்கத் துணியாது, தென்கரையிலேயே நின்று யாழிசைத்து அரங்கநாதனைப் பாடிவந்தார்.

ஒருநாள் திருமஞ்சனத்துக்கு நீர் முகக்க வந்த உலோகசாரங்க முனிவர், பாணரை விலகுமாறு கூவினார். இசையில் ஒன்றியிருந்தவர் செவியில் அக்குரல் விழவில்லை. முனிவர் கல்லொன்றை எடுத்து எறிந்தார். அது பட்டுக் குருதி பெருகியது. பாணரோ சினவாது, தாமே பிழை செய்தவர்போல் நடுங்கி விலகினார்.

அன்றிரவு இறைவன் முனிவரின் கனவில் தோன்றி, பாணரைத் தோள்மேல் சுமந்து வருமாறு பணித்தான் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். விடிந்ததும் முனிவர் தென்கரைக்கு விரைந்தார். பாணர் மறுத்தும் கேளாது, அவரைத் தோளில் ஏற்றிக் கோயிலினுள் சென்றார். தீண்டலாகாது என்று எவரை விலக்கினாரோ, அவரைச் சுமந்ததே முனிவருக்குக் கழுவாய் ஆயிற்று. பாணர் பாடிய ‘அமலனாதிபிரான்’ என்னும் பத்துப் பாசுரங்கள் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றன. அவருக்கு ‘முனிவாகனர்’ என்னும் பெயரும் உண்டாயிற்று.

இனி, வேறோர் ஆற்றங்கரையைக் காண்போம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைக் களமாகக் கொண்டு மார்க் டுவைன் எழுதிய புதினம் 1884-இல் வெளிவந்தது. மனிதரை விலைக்கு விற்ற காலத்துக் கதை அது. தாயற்ற சிறுவன் ஹக்கிள்பெரி ஃபின், தப்பியோடிய அடிமையாகிய ஜிம் என்பவனோடு தெப்பத்தில் செல்கிறான். இரவு பகலாக உடனிருந்து, ஜிம்மின் அன்பையும் மக்களைப் பிரிந்த துயரையும் அறிகிறான். பின்னர் ஜிம் பிடிபட்டபோது, அவன் இருக்குமிடத்தை எசமானிக்குத் தெரிவிக்கக் கடிதம் எழுதுகிறான். அடிமைக்கு உதவுவோன் நரகம் புகுவான் என்பதே அவன் கற்ற அறம். ஆயினும் நண்பனின் முகம் நினைவில் எழ, நரகமே வரினும் வருக என்று துணிந்து, கடிதத்தைக் கிழித்தெறிகிறான்.

1960-இல் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் புதினத்தில், ஸ்கவுட் என்னும் சிறுமி வேறொரு பாடம் பெறுகிறாள். கறுப்பினத்தவராகிய டாம் ராபின்சன் மீது பொய்க்குற்றம் சாட்டப்படுகிறது. வழக்கறிஞரான அவள் தந்தை உண்மையை எடுத்துக்காட்டியும், நிறவெறி கொண்ட ஊரார் அவரைக் குற்றவாளி என்றே தீர்க்கின்றனர். அறம் எப்பொழுதும் வெல்வதில்லை. வெல்லாதெனினும் அதன் பக்கமே நிற்றல் வேண்டும் என்பதை அச்சிறுமி கற்கிறாள்.

இம்மூன்று கதைகளிலும் மூவரின் உள்ளம் வளர்கிறது. ஆயினும் வேறுபாடு உண்டு. முனிவரைத் திருத்த இறைவனே வந்தான். ஸ்கவுட்டுக்குத் தந்தை வழிகாட்டினார். ஹக்குக்கோ வழிகாட்டுவார் எவருமில்லை. கற்ற பாடம் முழுவதும் எதிராக நிற்க, தன் நெஞ்சையே துணையாகக் கொண்டான். எனவே அவன் துணிவு மிகவும் அரியது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. முனிவர் ஒருவரைச் சுமந்து சென்றார். அவருடைய குலத்தார் எல்லார்க்கும் அதனால் கதவு திறந்துவிடவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் எறிகின்ற கையைத் தடுக்கும். எறிந்த கல்லுக்காக நாணுதல் அவரவர் உள்ளத்திலேயே பிறத்தல் வேண்டும். அந்நாணமே வளர்ச்சியின் தொடக்கம்.

வினாக்கள்

1. முனிவருக்குக் கழுவாயாக அமைந்தது எது? ஏன்?

2. ஹக்கின் துணிவு அரியது எனப்படுவதன் காரணம் யாது?

3. சட்டம் செய்யக்கூடியதையும் உள்ளம் செய்யவேண்டியதையும் வேறுபடுத்தி எழுதுக.