மூச்சோடு ஒரு யோகா

யோகா என்றால் தலைகீழா நிற்பதுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மூச்சை இழுக்கும்போது கையை மெதுவாகத் தூக்கணும், விடும்போது இறக்கணும். மூச்சு முடியும்போதுதான் அசைவும் முடியணும். இதுக்குப் பெயர் வின்யாசம். 1888-ல் பிறந்த கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் இதைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் அங்கே யோக மந்திரம் தொடங்கினார். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றணும் என்பது அவர்கள் முறை.

எங்க அம்மா அண்டியாபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து அண்டி உடைப்பாங்க. ராத்திரி குனிய முடியாது. "எனக்கெதுக்கு மக்ளே இதெல்லாம்?" என்றாங்க. நாற்காலியில் உட்கார வைத்து, கையை மட்டும் ஆறு தடவை தூக்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. அம்மா அதைத்தான் முதலில் செய்தாங்க! இப்போ சோறு வடிச்சு வச்சதும் அவங்களே நாற்காலியை இழுத்துப் போடுறாங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி